தொட்டால் தெரியும் நகக்கலை: வீட்டிலேயே புடைப்பு ஜெல் வேலை, முழுமையான வழிகாட்டி

ஆரி வேலை செய்த ரவிக்கையின் கையைக் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பாருங்கள். எங்கே மாங்காய் இருக்கிறது, எங்கே கொடி வளைகிறது என்று விரலே சொல்லிவிடும். நகத்திலும் அதே மேடு வேண்டும் என்றுதான் நான் ஜெல் வேலையைக் கையில் எடுத்தேன். அரக்கு நிற நகத்தின்மேல் தங்க நிற மாங்காய், ஜரிகை மாதிரி எழும்பி நிற்க வேண்டும். நீள நகம் தேவையில்லை, விரல் நுனியைக் கொஞ்சம் தாண்டியிருந்தால் போதும்.

இந்த ஒரு டிசைனை முதலிலிருந்து கடைசிவரை சொல்லித்தருகிறேன். கை பழகிவிட்டால் மற்ற புடைப்பு வகைகள் எல்லாம் இதிலிருந்தே வந்துவிடும்.

முதலில் ஒளியைப் புரிந்துகொள்ளுங்கள்

சாதாரண நகப்பூச்சு காற்றில் காயும். அதிலிருக்கும் கரைப்பான் ஆவியாகிப் போக, நிறம் மட்டும் தங்கும். ஜெல் அப்படியில்லை. இரண்டு மணி நேரம் வைத்திருந்தாலும் பசை பசையாகவேதான் இருக்கும். விளக்கொளி பட்டால்தான் அதற்குள் இருக்கும் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு இறுகும். இப்போது கிடைக்கும் பெரும்பாலான எல்இடி நக விளக்குகள் 365, 405 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளி தருகின்றன. ஜெல்லை இறுக்குவது அந்த ஒளிதான்.

புடைப்பு வேலையின் சிக்கலும் இங்கேதான். புடைப்பு என்றால் தடிமன். அந்தத் தடிமனின் அடிவரை ஒளி இறங்க வேண்டும். கறுப்பு, வெள்ளை, அடர் அரக்கு மாதிரி நிறமி நிறைந்த ஜெல்லில் ஒளி மேலேயே தடுக்கப்பட்டுவிடும். நான் முதன்முதலில் ஒரு பூவைக் கறுப்பு ஜெல்லிலேயே கெட்டியாக எழுப்பினேன். மேலே கல் போல இருந்தது. இரண்டாம் நாள் சீப்பு பட்டு உடைந்தபோது பார்த்தால், உள்ளே பிசின் மாதிரி ஈரம். இறுகாத ஜெல் அழகைக் கெடுப்பதோடு நிற்காது, தோலுக்கும் ஒவ்வாது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அதனால் நான் கைவிடாமல் பின்பற்றும் முறை இது: உயரத்தை நிறமில்லாத தெளிவான ஜெல்லில் எழுப்புங்கள், நிறத்தையும் தங்கத்தையும் அதன் அடியிலோ மேலேயோ மெல்லிசாகப் பூசுங்கள். கீழே வரும் ஒவ்வொரு படியும் இதை ஒட்டித்தான்.

வாங்க வேண்டியவை

பேஸ் கோட் (அடிப்பூச்சு), அரக்கு நிற ஜெல் பாலிஷ், மேட் டாப் கோட் (பளபளக்காத மேல்பூச்சு), நோ-வைப் டாப் கோட். நோ-வைப் என்றால் இறுகிய பிறகு மேலே ஒட்டும் படலம் இருக்காது, துடைக்கவும் தேவையில்லை. தங்கம் பிடிக்க இது மிக முக்கியம், இதற்குப் பதில் வேறு டாப் கோட் போட்டால் வேலைக்கு ஆகாது.

எழுப்புவதற்குத் தெளிவான 3டி ஜெல். கிண்ணத்தைச் சாய்த்தால் தேன் மாதிரி ஓடுவது வேண்டாம், வெண்ணெய் மாதிரி நிற்பது வேண்டும். வாங்கும்போது அசிட்டோனில் ஊறிக் கழலும் வகையா என்று பாருங்கள். கடின பில்டர் ஜெல் சில அசிட்டோனுக்கு அசையாது, அராவித்தான் எடுக்க முடியும். வீட்டு வேலைக்கு அது வேண்டாம்.

தங்கக் குரோம் பவுடர், அதைத் தேய்க்க ஐ-ஷேடோ போடும் சின்ன ஸ்பாஞ்சு. மயிரிழை போன்ற லைனர் பிரஷ் ஒன்று, புள்ளி வைக்கும் டாட்டிங் டூல் ஒன்று. அராவ 180, 240 கிரிட் ஃபைல்கள் (எண் கூடினால் சொரசொரப்பு குறையும்), நகத்தடித் தோலை ஒதுக்கும் க்யூட்டிக்கிள் புஷர், நூல் பிரியாத துடைப்பான், ஐசோபுரோபைல் ஆல்கஹால், கழற்றும்போது தேவைப்படும் சுத்த அசிட்டோன். நைட்ரைல் கையுறை ஒரு ஜோடி.

விளக்கில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். கைப்பை அளவில் ஒரே ஒரு பல்ப் வைத்த குட்டி விளக்கு, புடைப்பு வேலைக்குப் போதாது. 48 வாட் என்று போட்டிருக்கும், நான்கு பக்கமும் பல்ப் உள்ள விளக்காக வாங்குங்கள். முடிந்தால் ஜெல்லும் விளக்கும் ஒரே கம்பெனியாக இருப்பது நல்லது, அவர்கள் சொல்லும் நேரம் அந்த விளக்கில் சோதித்துப் பார்த்ததாக இருக்கும். நான் கீழே சொல்லும் நேரங்கள் பொதுவானவை. உங்கள் பாட்டிலில் வேறு மாதிரி எழுதியிருந்தால் பாட்டில் சொல்வதையே கேளுங்கள்.

நகத்தைத் தயார் செய்தல்

குளித்து முடித்தோ பாத்திரம் கழுவியோ உடனே உட்காராதீர்கள். நகம் தண்ணீரை உறிஞ்சிக் கொஞ்சம் உப்பும். உப்பிய நகத்தின்மேல் ஜெல் போட்டால், ஈரம் வற்றி நகம் சுருங்கும்போது ஓரத்தில் பிடிப்பு விட்டுவிடும். ஒரு மணி நேரமாவது கை உலர்ந்திருக்கட்டும். வியர்க்கும் ஊர்களில் இது இன்னும் முக்கியம். மின்விசிறியை வேகமாக வைத்துக்கொண்டு வேலை செய்தால் தூசியும் பஞ்சும் பறந்து வந்து ஜெல்லில் ஒட்டும். மெதுவாக வையுங்கள், அல்லது நேராகக் காற்று படாத மூலையில் உட்காருங்கள்.

நக நுனியை ஒரே திசையில் அராவி வடிவம் கொடுங்கள். அடியில் நகத்தோடு ஒட்டியிருக்கும் மெல்லிய செத்த தோலைப் புஷரால் மெதுவாக ஒதுக்குங்கள். வெட்ட வேண்டாம். அது கிருமியை உள்ளே விடாமல் காக்கும் வேலி. 240 கிரிட்டில் நகத்தின் மினுமினுப்பு போகும் அளவுக்கு மட்டும் தடவுங்கள். சூடு தெரிந்தால் அதிகமாக அராவுகிறீர்கள் என்று அர்த்தம். தூசியைத் தட்டிவிட்டு, ஆல்கஹாலால் துடையுங்கள். இதற்குப் பிறகு அந்த நகத்தை விரலால் தொடக் கூடாது, முகத்தையும் தலைமுடியையும் தொட்டுவிட்டு வரவும் கூடாது.

அடித்தளமும் அரக்கும்

பேஸ் கோட்டை மெல்லிசாகப் பூசுங்கள். நக அடியிலும் பக்கங்களிலும் தோலுக்கும் ஜெல்லுக்கும் நடுவே ஒரு மயிரிழை இடைவெளி இருக்கட்டும். நுனியின் விளிம்பிலும் பிரஷை ஒரு இழுப்பு இழுத்து மூடுங்கள். தோலில் பட்டுவிட்டால், விளக்கில் வைப்பதற்கு முன்பே ஆல்கஹாலில் நனைத்த மரக்குச்சியால் துடைத்து எடுங்கள். பிறகு 60 விநாடி விளக்கில். நான்கு விரலை ஒன்றாக வையுங்கள், கட்டை விரலைத் தனியாக. ஐந்தையும் சேர்த்து வைத்தால் கட்டை விரல் சரிந்து, ஒளி ஒரு பக்கம் மட்டும் படும்.

அரக்கு நிறம் இரண்டு பூச்சு. முதல் பூச்சு திட்டுத்திட்டாகத்தான் தெரியும், பதறி அதன்மேல் கனமாகப் பூசாதீர்கள். அடர்நிறத்தைத் தடிமனாகப் பூசினால் மேல்பகுதி மட்டும் இறுகிச் சுருக்கம் விழும், பாலாடை மாதிரி. ஒவ்வொரு பூச்சுக்கும் 60 விநாடி.

அதன்மேல் மேட் டாப் கோட், 60 விநாடி. புடைப்புக்கு முன்பே ஏன் மேட் என்று கேட்கலாம். குரோம் பவுடர் வழவழப்பான நோ-வைப் மேல் நன்றாகப் பிடிக்கும், மேட் மேல் அவ்வளவாகப் பிடிக்காது. தங்கம் கோட்டில் மட்டும் நின்று, அரக்கில் பரவாமல் இருக்க இதுதான் வழி. பார்வைக்கும் நல்லது. பட்டுச்சேலை உடலில் ஜரிகை பளிச்சென்று தெரிவதுபோல, மங்கலான தளத்தில்தான் தங்கம் எடுப்பாக இருக்கும். உங்கள் மேட் டாப் கோட் இறுகிய பிறகும் ஒட்டினால், ஆல்கஹாலில் துடைத்துவிட்டுத் தொடருங்கள்.

மாங்காயை எழுப்புதல்

இங்கே அவசரம் கூடாது. முதலில் தாளில் ஒரு நகத்தின் அளவில் வரைந்து பாருங்கள். பிறகு ஒரு பிளாஸ்டிக் உறையின்மேல் அதே ஜெல்லில் பத்து மாங்காய் போட்டுப் பழகுங்கள். துடைத்துவிட்டுத் திரும்பப் போடலாம், ஜெல் தானாக இறுகாது. ஜன்னல் வெயிலில் மட்டும் வைக்காதீர்கள், வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிரே அதை இறுக்கிவிடும். ஜெல் கிண்ணத்தையும் மூடியே வையுங்கள்.

மருதாணிக் கோன் பிடித்துப் பழகியவர்களுக்கு இந்த வேலை சீக்கிரம் கைவரும். கோனில் கோடு தோலுக்கு மேலே காற்றில் தொங்கி, பிறகு படுக்கும் இல்லையா, இங்கேயும் அதே கைதான். லைனர் பிரஷின் நுனியில் ஒரு சிறு மணி அளவு ஜெல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பிரஷ் மயிர் நகத்தில் அழுந்தக் கூடாது. ஜெல் மணி மட்டும் நகத்தைத் தொட்டபடி, அதை இழுத்துக்கொண்டு போக வேண்டும். அழுத்தினால் கோடு தட்டையாகிவிடும். மணி தீர்ந்தால் கோடு மெலியும், அப்போது நிறுத்தி மறுபடி எடுங்கள்.

மாங்காயின் வெளிக்கோட்டை அடி வளைவிலிருந்து தொடங்கி நுனிச் சுருளில் முடியுங்கள். முடித்த கையோடு 10 விநாடி விளக்கில் வையுங்கள். இது முழுதாக இறுக்குவதற்கு இல்லை, இடத்தில் நிறுத்துவதற்கு. எவ்வளவு கெட்டியான ஜெல்லாக இருந்தாலும், விட்டால் மெல்ல மெல்லப் பரவி உயரம் குறையும். நகம் வளைந்தது, ஜெல் பக்கவாட்டில் வழியத்தான் பார்க்கும். அதனால் ஐந்து விரலிலும் வரைந்துவிட்டு ஒன்றாக விளக்கில் வைக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஒரு விரல், ஒரு கோடு, பத்து விநாடி. பொறுமை இருந்தால் உயரம் தானாக வரும்.

வெளிக்கோடு நின்ற பிறகு உள்ளே புள்ளிகள். டாட்டிங் டூலை ஜெல்லில் ஒருமுறை தொட்டு வரிசையாக வைத்தால், முதல் புள்ளி பெரிதாகவும் அடுத்தடுத்தவை சிறிதாகவும் விழும். அதையே டிசைனாக்கிக்கொள்ளலாம்: அகன்ற வயிற்றில் பெரிய புள்ளி, சுருளை நோக்கிப் போகப் போகச் சிறியது. எல்லாம் ஒரே அளவாக வேண்டுமென்றால் ஒவ்வொரு புள்ளிக்கும் புதிதாகத் தொட வேண்டும். மறுபடி 10 விநாடி.

உயரம் போதவில்லையா? இருக்கும் கோட்டின் மேலேயே இன்னொரு கோடு. ஒரேயடியாகக் கனமாக வைப்பதைவிட இரண்டு மெல்லிய அடுக்கு எப்போதும் உறுதி. மொத்தத்தில் ஒரு மில்லிமீட்டரைத் தாண்ட வேண்டாம், அதற்கு மேல் போனால் எதிலாவது மாட்டிக்கொண்டே இருக்கும். கடைசியில் முழுதாக 60 விநாடி, பிறகு கையைத் திருப்பி இன்னொரு 60 விநாடி.

தடிமனான ஜெல் இறுகும்போது நகம் சுரீரென்று சுடலாம். மூலக்கூறுகள் கோத்துக்கொள்ளும்போது வெப்பம் வரும், அதுதான் காரணம். தாங்கிக்கொண்டு உட்காராதீர்கள். உடனே கையை வெளியே எடுத்து, சூடு தணிந்ததும் மறுபடி வையுங்கள். மெதுவாக ஒளி கூட்டும் வசதி உள்ள விளக்கு என்றால் அதைப் பயன்படுத்துங்கள்.

தங்கம் பூசுதல்

எழுப்பிய கோட்டின்மேல் ஒட்டும் படலம் இருந்தால் ஆல்கஹாலில் துடையுங்கள். பிறகு லைனர் பிரஷால் நோ-வைப் டாப் கோட்டைக் கோட்டின் மேல் மட்டும், புள்ளிகளின் மேல் மட்டும் பூசுங்கள். அரக்கில் வழிந்தால் அங்கேயும் தங்கம் ஒட்டிக்கொள்ளும். இப்போது விளக்கில் 30 விநாடி மட்டும். அதிகமாக இறுகிவிட்டால் பவுடர் பிடிக்காது, குறைவாக இறுகினால் பவுடர் பளபளக்காமல் சொரசொரப்பாகும். உங்கள் விளக்குக்கு 20 விநாடியா 40 விநாடியா என்பதைப் பிளாஸ்டிக் துண்டில் ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

விளக்கிலிருந்து எடுத்தவுடனே, ஸ்பாஞ்சில் ஒரு துளி பவுடரைத் தொட்டு மேட்டின்மேல் தேயுங்கள். முதலில் மாவு மாதிரி இருக்கும், தேய்க்கத் தேய்க்க உலோகம் மாதிரி மின்னும். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த நொடி அதுதான். மீதிப் பவுடரை மென்மையான பிரஷால் தட்டிவிடுங்கள். அரக்கில் ஒட்டியிருப்பதை ஆல்கஹால் தொட்ட, ஏறக்குறைய உலர்ந்த சிறு பிரஷால் துடைத்தால் போய்விடும். கடைசியாகத் தங்கத்தின்மேல் நோ-வைப் ஒரு மெல்லிய பூச்சு, 60 விநாடி. இதை விட்டுவிட்டால் நான்கைந்து நாளில் மேட்டின் உச்சியில் தங்கம் தேய்ந்துவிடும்.

அதே கையில் வரும் மற்ற வகைகள்

சர்க்கரை தூவினாற்போன்ற சொரசொரப்பு எல்லாவற்றிலும் எளிது. நிறம் இறுகிய பிறகு தெளிவான ஜெல் பூசி, ஈரமாக இருக்கும்போதே தெளிவான அக்ரிலிக் பவுடரைத் தாராளமாகத் தூவி, 60 விநாடி இறுக்கி, மீதியைத் தட்டிவிடுங்கள். மேலே டாப் கோட் போட்டால் சொரசொரப்பு போய்விடும். சமையலறைச் சர்க்கரையைத் தூவச் சொல்லும் வீடியோக்களை நம்பாதீர்கள், முதல் கைகழுவலிலேயே கரைந்துவிடும்.

பின்னல் கம்பளி மாதிரி வேண்டுமென்றால், நடுவில் ஜடை, இரு பக்கமும் நேர்கோடு என்று ஜெல்லில் வரைந்து, அதே பவுடரைத் தூவி இறுக்குங்கள். தண்ணீர்த் துளி வேண்டுமென்றால் மேட் தளத்தின்மேல் நோ-வைப் டாப் கோட்டைப் பல அளவில் புள்ளி வைத்தால் போதும். பூவிதழ்களுக்குக் களிமண் மாதிரிப் பிசையும் சாலிட் ஜெல் இருக்கிறது. அரிசி அளவு எடுத்து வைத்து, ஆல்கஹாலில் நனைத்த பிரஷால் இதழாக அழுத்த வேண்டும். வெறும் விரலால் பிசையாதீர்கள்.

எந்த விரலில் வைப்பது

பத்து விரலிலும் புடைப்பு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நாம் கையால் சாப்பிடுகிறவர்கள். ரசம் சாதம் பிசையும் வலது கையில் மேடு பள்ளம் இருந்தால் பருக்கை ஒட்டும், மஞ்சள் கறை ஏறும். மேட் பரப்பும் சர்க்கரைப் பரப்பும் மஞ்சளைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். அதனால் வலது கையில் மோதிர விரல் ஒன்றில் மட்டும் மாங்காய், மற்றவை வெறும் அரக்கு. இடது கையில் இரண்டு மூன்று விரல் வைத்துக்கொள்ளலாம். வெளிர் நிறத்தில் செய்பவர்கள் சொரசொரப்பை இடது கையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கறை ஏறிவிட்டால் பல் துலக்கும் பழைய பிரஷில் சோப்பு போட்டுத் தேய்த்துவிட்டு, கொஞ்ச நேரம் வெயிலில் கையை வைத்திருங்கள். மஞ்சளின் நிறம் வெயிலில் மங்கும்.

கல்யாணத்துக்காகச் செய்கிறீர்கள் என்றால் முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்பு போடுங்கள். மருதாணி வைப்பதாக இருந்தால் முதலில் மருதாணி, அது சிவந்த பிறகு ஜெல். சேலை கட்டும்போது மேட்டின் ஓரம் பட்டு நூலில் மாட்டுகிறதா என்று முன்னாடியே பழைய துணியில் தடவிப் பாருங்கள். மாட்டினால் அந்த ஓரத்தில் ஒரு துளி டாப் கோட் வைத்து வழவழப்பாக்குங்கள்.

தோல் விஷயத்தில் விளையாட வேண்டாம்

ஜெல்லில் இருப்பவை அக்ரிலேட், மெத்அக்ரிலேட் வகை வேதிப்பொருள்கள். இறுகாத நிலையில் தோலில் அடிக்கடி பட்டால் ஒவ்வாமை வரலாம். பிரிட்டிஷ் தோல் மருத்துவர் சங்கம் 2018-இல் இதைப் பற்றி எச்சரித்தது. அந்த எச்சரிக்கைக்கு அடிப்படையான ஆய்வில் பரிசோதிக்கப்பட்டவர்களில் 2.4 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு மெத்அக்ரிலேட்டுக்கு ஒவ்வாமை இருந்தது. ஒருமுறை உடம்பு அதை எதிரியாக எடுத்துக்கொண்டால் வாழ்நாள் முழுக்கத் தொடரலாம், பல் அடைக்கும் பொருள்கள் சிலவற்றிலும் இதே வகை வேதிப்பொருள் இருக்கிறது. நகத்தைச் சுற்றி அரிப்பு, சிவப்பு, சிறு கொப்புளம், நகம் சதையை விட்டுப் பிரிவது, இதில் ஏதாவது வந்தால் ஜெல்லைக் கழற்றிவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள். வேறு கம்பெனிக்கு மாறி முயன்று பார்ப்பது தீர்வு ஆகாது.

அட்டையில் ஹெமா (HEMA) என்ற பொருள் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த ஒவ்வாமையில் அதிகம் அகப்படுவது அதுதான், ஐரோப்பிய ஒன்றியம் அதைத் தொழில்முறை நிபுணர்களின் பயன்பாட்டுக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தியிருக்கிறது. ஜெல்லை இறுக்க உதவும் டிபிஓ (TPO) என்ற பொருளையும் 2025 செப்டம்பர் 1 முதல் அழகுப் பொருள்களில் அங்கே தடை செய்துவிட்டார்கள். இவை இல்லாத ஜெல்களும் கிடைக்கின்றன.

விளக்கின் ஒளியிலிருந்து கையைக் காக்க, எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேலான சன்ஸ்கிரீனை முன்கூட்டியே கையில் பூசிக்கொள்ளுங்கள், நகத்தில் பட்டதைத் துடைத்துவிடுங்கள். விரல் நுனி வெட்டிய கையுறை போட்டுக்கொள்வது அதைவிட எளிது. அறுவை சிகிச்சை ஏதாவது இருந்தால் ஜெல்லைக் கழற்றிவிட்டே போங்கள். விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவி நகத்தின் வழியாக ஒளியைச் செலுத்தித்தான் அளக்கிறது.

கழற்றுதல்

விரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். இரண்டு மூன்று வாரத்தில் அடியில் இடைவெளி தெரியும், மேடும் நுனியை நோக்கி நகர்ந்து கனம் முன்னால் சேரும். அப்போது எடுத்துவிடுங்கள். பிய்த்து எடுக்கத் தோன்றும், செய்யாதீர்கள். ஜெல்லோடு நகத்தின் மேல் படலமும் சேர்ந்து வந்துவிடும், அது வளர்ந்து முழுதாக மாற நான்கு முதல் ஆறு மாதம் ஆகும்.

முகக்கவசம் போட்டுக்கொண்டு, புடைப்பை முதலில் 180 ஃபைலால் அராவித் தட்டையாக்குங்கள். டாப் கோட்டின் பளபளப்பும் போகட்டும், அப்போதுதான் அசிட்டோன் உள்ளே இறங்கும். சுற்றியுள்ள தோலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். அசிட்டோனில் நனைத்த பஞ்சை நகத்தின்மேல் வைத்து அலுமினியத் தாளால் சுற்றி 10 முதல் 15 நிமிடம் விடுங்கள். ஜெல் உப்பி, உரிந்து நிற்கும். புஷரால் மெதுவாகத் தள்ளினால் வர வேண்டும். வராத இடத்தைச் சுரண்டாமல் இன்னொரு ஐந்து நிமிடம் சுற்றி வையுங்கள். அசிட்டோன் சட்டென்று தீப்பற்றும், அதனால் இந்த வேலையை அடுப்பங்கரையிலோ சாமி விளக்கின் பக்கத்திலோ செய்யாதீர்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

எல்லாம் கழன்ற பிறகு கையைக் கழுவித் துடைத்து, நகத்திலும் நகக்கண்ணிலும் எண்ணெய் தேய்த்து ஒரு வாரமாவது வெறும் நகமாக விடுங்கள். அந்த வாரத்தில் அடுத்த டிசைனைத் தாளில் வரைந்து பழகலாம். நான் இப்போது மயில்கழுத்து நிறத்தின்மேல் அன்னப்பட்சி ஒன்றை எழுப்பப் பழகிக்கொண்டிருக்கிறேன், கழுத்து வளைவு இன்னும் கைக்கு வரவில்லை.